மலர் ஏறிய கோட்டை

ஜனவரி 16, வெள்ளி. மாட்டுப் பொங்கல்.

விடியக் கடும் பனி. வாசல் படலையில் நின்று பார்த்தால் கிணறு தெரியவில்லை. மாட்டைக் குளிப்பாட்டிப் பொட்டு வைத்தேன். சினை மாடு, பாவம், குளிருக்கு நடுங்கியது. பொங்கல் நான் பொங்கியது. அடிப்பிடித்துவிட்டது. மாடு குறை சொல்லாமல் தின்றது.

"சேர், நீங்கள் அந்தக் கோட்டையை நேரிலை பார்த்தனீங்களோ?"

வாளியைக் கவிழ்க்கும்போது இந்தக் கேள்வி எங்கிருந்தோ வந்து முன்னால் நின்றது. கேட்டவள் என் மகள் துளசி. அப்போது ஒன்பதாம் வகுப்பு. பள்ளிக்கூடத்தில் அவளும் மற்றப் பிள்ளைகளைப் போல என்னைச் சேர் என்றுதான் கூப்பிட வேண்டும். நான் போட்ட சட்டம். போர் முடிந்து மீளக் குடியேறி வந்த வருடம். தகரக் கூரை, சுவர் இல்லை. வரலாற்றுப் பாடம், ஐரோப்பியர் நாடு பிடித்த கதை. கரும்பலகையில் கரீபியன் கடலில் ஒரு சின்னத் தீவு, தீவில் ஒரு மலை, மலையின் மேல் கோட்டை. ஒரு பழைய சஞ்சிகையில் கிடைத்த ஒரேயொரு படத்தை வைத்து வருடா வருடம் கீறுவேன். மேற்கிந்தியத் தீவுகள் என்றால் கிரிக்கெட் மட்டும் என்று நினைத்திருந்த பிள்ளைகள் வாயைப் பிளந்து பார்க்கும். அந்த வாய்களுக்காகவே சோக்கட்டியை வீட்டிலேயே கூராக்கிக்கொண்டு போவேன்.

"இல்லைப் பிள்ளை" என்றேன். வகுப்பில் யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருக்கலாம்.

இப்போது துளசி அந்த மலையின் அடிவாரத்தில் குடியிருக்கிறாள். மருமகன் கஜனுக்கு மருத்துவக் கல்லூரிகளில் படிப்பிக்க இரண்டு மூன்று நாடுகளிலிருந்து அழைப்பு வந்தது. "இந்தத் தீவை எனக்குத் தெரியும், அப்பா போர்ட்டிலை கீறினவர்" என்று இதைத் தெரிந்தெடுத்தவள் அவள்தான். ஆக, அவளை அங்கே அனுப்பியது என் சோக்கட்டி. ஆனால் இப்போது அங்கே இருப்பது யார்? என் மனைவி மலர். பிள்ளைப்பேற்றுக்குத் தாய்தான் போவது. தகப்பன் போய் என்ன செய்வது, பெற்றவளுக்கு மருந்துக் காயம் கரைப்பதா? அதோடு நாலு ஏக்கர் நெல், இந்தச் சினை மாடு. இருவருக்கும் பாஸ்போர்ட் எடுத்தோம். என்னுடையது அலுமாரியில் புடவைகளுக்குக் கீழே, ஒரு முத்திரையும் விழாமல்.

காலை துளசி போன் எடுத்தாள். "அப்பா, ஞாயிற்றுக்கிழமை அம்மாவைக் கோட்டைக்குக் கூட்டிக்கொண்டு போகப்போறம்."

"நல்லம்" என்றேன். பரிசளிப்பு விழாவில் பக்கத்து வகுப்புப் பிள்ளைக்குக் கை தட்டும் வகுப்பாசிரியரைப் போல.


ஜனவரி 17, சனி

வெயில். நெல் மஞ்சளாகிவிட்டது. வாய்க்கால் ஓரம் கொஞ்சம் சாய்ந்து கிடக்கிறது. வெட்டு மெசின்காரர் 26ஆம் திகதி என்கிறார். மழை வராவிட்டால்.

மலருக்கு வரலாறு என்றால் கொட்டாவி. யாழ்ப்பாணக் கோட்டைக்குக் கூட்டிப் போனபோது அகழியைப் பார்த்து, "இவ்வளவு தண்ணி, ஒரு கீரைப் பாத்திகூட இல்லை" என்றவள். அப்படிப்பட்டவள் நாளை ஏறப் போகிறாள். வெறுங்கண்ணோடு போனால் வெறுங்கண்ணோடு வருவாள் என்று, பார்க்க வேண்டியவற்றைக் குரல் பதிவாக அனுப்பினேன்:

1. வாசல் கடலைப் பார்க்கிறதா, கரையைப் பார்க்கிறதா. (நான் எப்போதும் கடலைப் பார்க்கத்தான் கீறினேன்.)
2. சுவரின் தடிப்பு, முழக் கணக்கில்.
3. பீரங்கியின் வாய்க்குள் உன் கை போகுமா.
4. மலை உச்சியில் தண்ணீருக்கு என்ன செய்தார்கள். தொட்டி இருக்கும். தேடு.

பின்னேரம் பதில். ஒரே மூச்சில்.

"என்னப்பா, நான் கைக்குழந்தையோடை போறன். முழம் போடவோ? பீரங்கிக்குள்ளை கையை விட்டுப் பாக்கவோ? உங்களுக்கு விசரே. மாட்டுக்குத் தவிடு வைச்சாச்சே?"

பின்னால் துளசி சிரிக்கும் சத்தம். கஜனும் சிரிக்கிறார். குழந்தைகூட ஏதோ சத்தம் போட்டது. அங்கே ஒரு வீடு நிறையச் சிரிப்பு. இங்கே பாணும் சம்பலும்.


ஜனவரி 18, ஞாயிறு

தெளிந்த வானம். எங்களுக்குப் பின்னேரம் ஐந்தரை என்றால் அங்கே காலை எட்டு. ஐந்து மணிக்கே கிணற்றடியில் கதிரையைப் போட்டு, போனை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன்.

வேலியால் எட்டிப் பார்த்தார் தவராசா. பக்கத்து வளவு, தபால் கந்தோரில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். ஊர்ச் செய்தியை இன்னமும் வீடு வீடாகக் கொண்டுபோகிறார்.

"என்ன வாத்தியார், போனைப் பாத்துக்கொண்டு இருக்கிறியள்?"

"மலர் இண்டைக்குக் கோட்டை பாக்கப் போறா."

"அப்ப மனிசி கோட்டையிலை, நீங்கள் கொட்டிலிலை!"

மாட்டுக்கொட்டிலைக் காட்டி, தானே சிரித்தார். நானும் சிரித்தேன். உள்ளே எங்கோ ஒரு முள். போகும்போது, "உந்தப் பின்மூலைப் புல்லை வெட்டுங்கோவன், என்ரை ஆடுகள் உள்ளை போனா வெளியிலை தெரியுதில்லை" என்றார். "பிறகு பாப்பம்" என்றேன். வருடா வருடம் அவர் சொல்வது, வருடா வருடம் நான் சொல்வது.

இரவுச் சாப்பாட்டுக்குள் வந்த படங்கள் மூன்று. ஒன்று, குழந்தையின் தொப்பி. ஒன்று, மலரின் செருப்பு, கல் படி. மூன்றாவது வானம். வானம் எங்களுக்கும் இருக்கிறது.

கோட்டை இல்லை.


ஜனவரி 19, திங்கள்

விடிய ஐந்தரைக்கு எடுத்தேன். அங்கே முதல் நாள் இரவு எட்டு. மலர்தான் கதைத்தாள்; குரல் கீழே இருந்தது. களைப்பு என்று நினைத்தேன்.

"எப்படி?"

"நல்ல இடம்."

"வாசல் எந்தப் பக்கம் பாக்குது?"

"வாசல் இருந்தது."

"எந்தப் பக்கம் எண்டு கேக்கிறன்."

"நான் கவனிக்கேல்லையப்பா."

"பீரங்கி?"

"தூரத்திலை ஒண்டு நிண்டது."

"அப்ப என்னத்தைப் பாத்தனீ?"

"படியைப் பாத்தன்."

இங்கேதான் எனக்குக் கோபம் வந்தது. முப்பது வருடம் நான் சோக்கட்டியால் ஏறிய மலை. அவள் காலால் ஏறிவிட்டு, படியைப் பார்த்தேன் என்கிறாள். ஒரு பிள்ளை பரீட்சை மண்டபத்துக்குள் போய், விடைத்தாளில் பெயரை மட்டும் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தால் எப்படி இருக்கும்? அப்படி. அந்தக் கதிரை எனக்குக் கிடைத்திருந்தால், எத்தனை தாள் எழுதியிருப்பேன்.

"உனக்குப் பதிலா எங்கடை மாட்டை அனுப்பியிருந்தா, அது வடிவாச் சுத்திப் பாத்திருக்கும்" என்றேன்.

"மாட்டுக்குத் தண்ணி வைச்சனீங்களே?" என்றாள். போனை வைத்துவிட்டாள்.

மாட்டுக்குத் தண்ணீர் வைத்தேன்.


ஜனவரி 20, செவ்வாய்

மந்தாரம். மழை இல்லை. போன் இல்லை.

மண்ணெண்ணெய், தவிடு, விளக்குத் திரி, பல்பசை. சந்தியில் சைக்கிளுக்குக் காற்று.


ஜனவரி 21, புதன்

இன்றும் மலர் வரவில்லை. துளசி மட்டும் இரண்டு வரி அனுப்பினாள்: அம்மா படுக்கிறா, அப்பா. பிறகு எடுக்கிறம்.

படுக்கிறாவாம். ஊர் சுற்றிய களைப்பு.

எனக்கு எரிச்சல் யார் மேல் என்று கிணற்றடியில் இருந்து யோசித்தேன். மாணவனிடம் கேட்பதுபோல என்னிடம் கேட்டேன். மலர் மேல், சரி. கஜன் மேல்: கொழும்பில் பிறந்து வளர்ந்த பிள்ளை, அவருக்கு இப்போது மலை வீட்டு வாசலில், ஞாயிறு தோறும் ஏறலாம், ஏறாமலும் விடலாம். அந்தக் குழந்தை மேல்கூட. பிறந்த துடக்குக் கழிந்து நாலு கிழமை ஆகவில்லை, தலை நிற்கவில்லை, கோட்டை பார்த்தாயிற்று. அம்மப்பாவுக்கு அறுபத்தாறு வயது.

எங்கள் பக்கத்தில் மலை கிடையாது. உயரம் என்றால் என்ன என்று படிப்பிக்க, பிள்ளைகளைக் கல்மடுக் குளக்கட்டில் ஏற்றிவிடுவேன். "எவ்வளவு தூரம் தெரியுது?" "அந்தப் பனை மட்டும் சேர்." "இறங்கி நில்லுங்கோ. இப்ப?" "முன்னுக்கு நிக்கிறவன்ரை முதுகு, சேர்." "அதுக்குத்தான் கோட்டையை மலையிலை கட்டினவங்கள். மேலை நிக்கிறவனுக்கு ஆபத்து முதல் தெரியும்." காவல் பரணும் அதற்குத்தான் என்று ஒரு பெட்டை சொன்னாள். வயலுக்குப் பன்றி வருவது தெரிய. சரியான விடை. குளக்கட்டு வைத்து மலை படிப்பித்த ஆளுக்கு உண்மை மலை இல்லை. குளக்கட்டில் ஏறினால் தலை சுத்துது என்பவளுக்கு மலை.

நல்ல மனிதன் இப்படி நினைப்பானா? நினைக்கிறான். எழுதியும் வைக்கிறான்.


ஜனவரி 22, வியாழன்

காற்று. சாய்ந்த நெல் இன்னும் கொஞ்சம் சாய்ந்தது. மெசின்காரருக்கு மறுபடி எடுத்தேன். 26 உறுதி, வானத்தைக் கேளுங்கோ என்றார்.

தவராசா: "மனிசி இன்னும் எடுக்கேல்லையே? அங்கத்தைக் காத்துப் பிடிச்சிட்டுது போலை. இனி உங்கடை புட்டு ஆருக்கு வேணும்!"

"நான் அவிக்கிற புட்டு எனக்கே வேண்டாம்" என்றேன். இருவரும் சிரித்தோம். அவர் போன பிறகு மலரின் உடுப்புக் கொடியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு சாரம் மட்டும், என்னுடையது.


ஜனவரி 23, வெள்ளி

துளசி எடுத்தாள். தனியே. வீட்டுக்கு வெளியே நின்று கதைக்கிறாள் என்று காற்றுச் சத்தத்தில் தெரிந்தது. சொன்னதை மறக்க முன் எழுதுகிறேன்.

"அப்பா, அம்மா சொல்ல வேண்டாம் எண்டவா. ஆனா நீங்கள் மாட்டைப் பற்றிச் சொன்னதை அவா எனக்குச் சொன்னவா. அதுக்குப் பிறகு எனக்குச் சொல்லாமல் இருக்கேலாது."

"சொல்லு."

"வாசல் தாண்டி முதல் தட்டிலை ஒரு பெரிய புல்வெளி. பழைய சுவர் ஒண்டு திருத்துறாங்கள் போலை. புல்லுக்குள்ளை கட்டைத் தடியள் நட்டு வைச்சிருக்கு. தடியின்ரை தலைக்குச் சிவப்புப் பெயின்ற். தடிக்குத் தடி நாடா கட்டியிருக்கு."

எனக்கு அப்போதே விளங்கிவிட்டது.

"கஜன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு படம் எடுக்கப் பாதையை விட்டு இறங்கிப் புல்லுக்குள்ளை போனவர். அந்தப் பக்கம்தான் பீரங்கி. அம்மா கத்தினா அப்பா. 'நில்! அசையாதை!' எண்டு. அவா அப்பிடிக் கத்தி நான் கேட்டதே இல்லை. அங்கை நிண்ட வெள்ளைக்காரர், பிள்ளை குட்டியள் எல்லாம் அப்பிடியே நிண்டிட்டினம். தமிழ் தெரியாத சனம், ஆனா எல்லாரும் நிண்டிட்டினம்."

"பிறகு?"

"கஜனுக்கு ஒண்டும் விளங்கேல்லை. 'என்ன மாமி, பாம்போ?' எண்டார். அம்மா விளிம்பிலை குந்திக்கொண்டு, 'தம்பி, திரும்பாதேங்கோ. வைச்ச காலடியிலேயே பின்னாலை வையுங்கோ. முதல் பிள்ளையை என்னட்டைத் தாங்கோ' எண்டா. குரல் நடுங்கேல்லை. அவர் ஒவ்வொரு அடியா வந்தார். அம்மா பிள்ளையை வாங்கிக்கொண்டு அப்பிடியே நிலத்திலை இருந்திட்டா."

காவலாளி ஒருவர் ஓடி வந்தாராம். தடிகளைப் பார்த்து, இவர்களைப் பார்த்து, முதலில் சிரித்தாராம். பிறகு துளசி ஆங்கிலத்தில் எங்கள் ஊர் விசயத்தைச் சொன்னவுடன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றாராம்.

"நான் அம்மாவோடை கோபிச்சிட்டன் அப்பா. 'அம்மா, இஞ்சை மிதிவெடி இல்லை' எண்டு. 'எனக்குத் தெரியும் பிள்ளை. காலுக்குத் தெரியேல்லை' எண்டா. பிறகு எங்கள் எல்லாரையும் ஒரு வரிசையிலை தனக்குப் பின்னாலை இறக்கிக்கொண்டு வந்தா. மலையடி மட்டும் நிமிரவே இல்லை. அதுதான் படி மட்டும் பாத்தவா."

பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

"உண்மையைச் சொன்னா, அந்தத் தடியைக் கண்டவுடனை எனக்கும் கால் நிண்டிட்டுது. நான்தான் ஒண்டும் சொல்லேல்லை. கஜன் இறங்கேக்கை நான் பாத்துக்கொண்டு நிண்டனான். வாய் வரேல்லை."

"ஏன் எனக்குச் சொல்ல வேண்டாம் எண்டவா?"

"'அப்பா சிரிப்பார்' எண்டா."

போனை வைத்த பிறகு வளவின் பின்மூலையைப் பார்த்தேன். கொட்டிலுக்கு அப்பால், பனைக்குக் கீழே, ஆளுயரப் புல். நாங்கள் திரும்பி வந்த காலத்தில் அந்த மூலையில் மிதிவெடி எடுக்க வந்தவர்கள் சிவப்புத் தலைத் தடிகள் நட்டிருந்தார்கள். பிறகு தோண்டி, எடுத்து, துப்புரவு முடிந்தது என்று கடதாசியும் தந்து போனார்கள். எத்தனையோ வருடம். தவராசாவின் ஆடுகள் அங்கே மேய்கின்றன. எங்கள் மாட்டை அங்கே கட்டுவதில்லை. பனம்பழம் விழுந்தால் விழுந்தபடி. அதைப் பற்றி நானும் மலரும் ஒரு நாளும் கதைத்ததில்லை. புல் வெட்டப் "பிறகு பாப்பம்."

துளசியும் மற்றப் பிள்ளைகளும் அந்த வருடம் பள்ளிக்கூடத்துக்கு வந்தது இரண்டு பக்கமும் அந்தத் தடிகள் நின்ற பாதையால். ஒருவர் பின் ஒருவராக. வந்து இருந்தவர்களுக்குத்தான் நான் கரீபியன் கடலில் கோட்டை கீறிக் காட்டினேன்.

மேலே நிற்கிறவருக்கு ஆபத்து முதல் தெரியும். முப்பது வருடம் படிப்பித்த வசனம். ஞாயிற்றுக்கிழமை அந்தக் கோட்டைக்குப் போன அத்தனை பேரிலும் கோட்டையின் வேலையைச் செய்தவள் மலர் மட்டும். இல்லாத ஆபத்துக்கு என்றாலும்.

நானாக இருந்தால் வாசல் எந்தப் பக்கம் என்று பார்த்துக்கொண்டு நின்றிருப்பேன்.

இதிலும் பொறாமை வருகிறது. வெட்கமாக இருக்கிறது, ஆனால் வருகிறது.


ஜனவரி 24, சனி

பனி குறைவு. விடிய எடுத்தேன். மலர்தான்.

என்ன கதைப்பது என்று நாலு விதமாக யோசித்து வைத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. மாட்டைப் பற்றிச் சொன்னேன். மடி இறங்கிவிட்டது, இந்தக் கிழமை கன்று போடும். நெல் பற்றிச் சொன்னேன். சாரம் கிழிந்தது பற்றிச் சொன்னேன்.

"துளசி சொல்லிப்போட்டாள் என்ன?" என்றாள்.

"ஓம்."

"சிரிச்சனீங்களே?"

"இல்லை."

"கஜன் தம்பி என்னை என்ன நினைப்பார். அந்தக் காவல்காரப் பெடியன். அவ்வளவு சனம். ஊராலை வந்த விசர் மனிசி எண்டு..."

"மலர், நாங்கள் பின்மூலைக்குப் போய் எவ்வளவு காலம்?"

"நீங்களும் போறேல்லையோ?" என்றாள். "நான் நினைச்சன் எனக்குத்தான் எண்டு. நீங்கள் புல்லு வெட்டப் பஞ்சிப்பட்டு விட்டிருக்கிறியள் எண்டு நினைச்சன்."

இத்தனை வருடம் ஒரு வளவுக்குள், ஒருவருக்கு ஒருவர் தெரியாமல், இருவரும் சுற்றிப் போயிருக்கிறோம்.

"நாளைக்கு இவை திரும்ப ஏறப் போகினமாம்" என்றாள். "கஜன் தம்பிதான் கேட்டார், மாமியும் வாங்கோ எண்டு. நான் வரேல்லை எண்டிட்டன். பிள்ளையோடை வீட்டிலை நிக்கிறன்."

எனக்குள் இருந்த ஒருவன், போகட்டும், நீயும் பார்க்க வேண்டாம், இருவரும் பார்க்காதவர்களாக இருப்போம் என்றான். அவன் குரல் எனக்கு நன்றாகக் கேட்டது. வகுப்பில் பின்வாங்கில் இருந்து முணுமுணுக்கும் பிள்ளையைக் கண்டுகொள்ளாமல் விடுவதுபோல விட்டேன்.

"நானும் வாறன்" என்றேன்.

"எங்கை?"

"கோட்டைக்கு. போனைக் கையிலை நீட்டிப் பிடி. அப்ப நான்தானே முன்னுக்கு. நான் முதல் போறன், நீ பின்னாலை வா."

"உங்களுக்கு விசர்" என்றாள். ஆனால் வைக்கவில்லை. "எத்தினை மணிக்கு?" என்றாள்.


ஜனவரி 25, ஞாயிறு

பகல் வானம் மப்பு. வடக்கே இடி. நெல்லை நினைத்து நாலு தரம் வயலுக்குப் போய் வந்தேன். பின்னேரம் வெளித்தது.

ஐந்தரைக்கு மலர் எடுத்தாள். திரையில் முதலில் அவள் காது. பிறகு துளசி போனைத் திருப்பிக் கொடுத்தாள். கல், கல், இன்னும் கல். படி ஆடிக்கொண்டு வந்தது. மூச்சு வாங்கும் சத்தம். பின்னால் கஜன் குழந்தையோடு ஏதோ பாடுகிறார்.

நான் கொட்டிலைத் தாண்டிப் போய் நின்றேன். மாடு திரும்பிப் பார்த்தது.

மலர் போனைத் தன் பக்கம் திருப்பினாள். "நீங்கள் எங்கை நிக்கிறியள்? பின்னாலை புல்லுத் தெரியுது."

"பின்மூலையிலை."

"என்னது! ஆரைக் கேட்டுப் போனனீங்கள்?"

"இன்னும் போகேல்லை. விளிம்பிலை நிக்கிறன். நீ உந்தப் புல்வெளிக்கு வா, நான் இந்தப் புல்லுக்கு வாறன்."

துளசி சிரித்தாள், அல்லது அழுதாள். போனில் பிரித்து அறிய முடியவில்லை. "அம்மா, தடியெல்லாம் இன்னும் நிக்குது" என்றாள். "நிக்கட்டும்" என்றாள் மலர்.

நான் காலை வைத்தேன். ஆட்டுப் புழுக்கை, பனம் விதை, நெரிஞ்சி. முதுகு வேர்த்தது. கடதாசி தந்த நிலம் என்று மூளை சொல்கிறது. காலுக்கு யார் சொல்வது? மலர் சொன்னது சரி.

"கீழை பாக்காதை மலர்" என்றேன். எனக்கும் சேர்த்து.

"நீங்கள் பாக்கிறியள். எனக்குத் தெரியுது, உங்கடை நாடி கீழை போகுது."

நிமிர்ந்தேன். பனையின் தலை. அதன் மேல் வெளித்த வானம். இத்தனை வருடம் இந்தப் பனையை அடியில் நின்று பார்த்ததில்லை. பாளை விட்டிருக்கிறது.

அங்கே மலர் நின்றுவிட்டாள். ஏதோ பயம் என்று நினைத்தேன்.

"என்னப்பா" என்றாள். "கடல்."

போனைக் கடல் பக்கம் அவள் திருப்பவில்லை. திருப்ப மறந்துவிட்டாள். எனக்குத் தெரிந்தது அவள் நாடியும் ஒரு மூக்குத்தியும். கடலை அவள் பார்த்தாள். நான் அவள் பார்ப்பதைப் பார்த்தேன்.

"இரண்டு பக்கமும் கடல். வீடுகள் நெருப்புப்பெட்டி மாதிரி. அந்தா ஒரு கப்பல். இஞ்சருங்கோ, இஞ்சை நிண்டா ஆர் வந்தாலும் தெரியும்."

"அதுக்குத்தான் கட்டினவங்கள்" என்றேன்.

"வாசல் கேட்டனீங்கள் என்ன? கடலுக்கு முதுகு காட்டிக்கொண்டு நிக்குது. கரைப் பக்கம்தான் பாக்குது. நீங்கள் போர்ட்டிலை கீறினது பிழையப்பா."

துளசி பின்னால் நின்று, "ஓம் அப்பா, பிழைதான்" என்றாள். அவளும் எத்தனை தரம் ஏறியிருப்பாள். ஒரு நாளும் சொன்னதில்லை.

முப்பது வருடம், எத்தனை வகுப்பு, எத்தனை கொப்பிகளில் அந்த வாசல் கடலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. இரண்டு தரம் ஏறியவள் திருத்திவிட்டாள். கடலால் வந்து சுடுபவனுக்கு வாசலைக் காட்டிக்கொண்டு யார் கோட்டை கட்டுவான்? வீட்டில் கள்ளன் வரும் பக்கம் படலை வைப்போமா? இதை யோசிக்காமல் நான் சோக்கட்டி கூராக்கியிருக்கிறேன்.

பிறகு அவள் போனைத் திருப்பி, சுவரில் கையை வைத்தாள். கல் தெரிந்தது, கறுத்த பெரிய கல், அவள் கை அதில் சின்னதாக.

"இந்தக் கல்லெல்லாம் ஆர் மேலை கொண்டந்தது?"

"அடிமையள். ஆபிரிக்காவிலை இருந்து பிடிச்சுக்கொண்டு வந்த சனம்."

"சுமந்தோ?"

"சுமந்துதான்."

கல்லிலிருந்து கையை எடுக்கவில்லை. "சுமந்தவை திரும்ப இறங்கினவையோ?" என்றாள்.

எனக்குத் தெரியாது. அப்படிச் சொன்னேன். எந்த மாணவரும் அதை என்னிடம் கேட்டதில்லை. நானும் என்னிடம் கேட்டதில்லை. கோட்டையைக் கட்டிய அரசன் யார், பிடித்த நாடு எது, போர் எப்போது. இவ்வளவும் சொல்லிக் கொடுத்தேன். இந்தக் கேள்வி என்னுடையதாக இருந்திருக்க வேண்டும். கொட்டாவி விடுபவளுக்கு அது கிடைத்தது. காலால் ஏறினால்தான் கிடைக்கும் கேள்வி போலும்.

சமிக்ஞை போய்விட்டது. நான் பனையடியில், நெரிஞ்சி ஒட்டிய சாரத்தோடு, கறுத்த திரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

வேலியால் தவராசா: "வாத்தியார்! உதுக்குள்ளை என்ன செய்யிறியள்?"

"கோட்டை பாக்கிறன்" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார், மூலையைப் பார்த்தார். வாயில் வந்த பகிடியை விழுங்கிவிட்டார். "கத்தி தரட்டே?" என்றார்.


ஜனவரி 26, திங்கள்

மழை இல்லை. ஒன்பதரைக்கு மெசின் வருகிறது. தவராசா விடியவே கத்தியோடு வந்து மூலைப் புல்லில் பாதி வெட்டிவிட்டார். மாட்டை அங்கே கட்டினேன். முதலில் தயங்கி, பிறகு தின்கிறது.

மலர் விடிய எடுத்தாள். நான் கேட்க முதலே சொல்கிறாள்: தொட்டி கண்டுபிடித்தாளாம். மழைத் தண்ணீரைத் தட்டுத் தட்டாகப் பிடித்து மலைக்குள் குடைந்த தொட்டியில் விட்டிருக்கிறார்களாம். "எங்கடை குளம் மாதிரித்தான், மூடி போட்ட குளம்" என்றாள். நல்ல உதாரணம். என்னுடையதைவிட நல்லது. பீரங்கியின் வாய்க்குள் கை போனதாம். வளையலோடு. கஜன் அவளைப் பீரங்கியில் சாய்த்து வைத்துப் படம் எடுத்திருக்கிறார், வந்து சேர்ந்தது. நிமிர்ந்து நிற்கிறாள். நல்ல படம். இரண்டு தரம் பார்த்தேன். மூன்றாம் தரம் பார்க்கவில்லை, பொறாமைதான்.

பாஸ்போர்ட்டைப் புடவைகளுக்குக் கீழிருந்து எடுத்து மேசையில் வைத்திருக்கிறேன். கன்று போடட்டும். நெல் உள்ளே வரட்டும்.

மெசின் சத்தம் சந்தியில் கேட்கிறது. ஓட வேண்டும். பாடம் முடிந்தால் பயிற்சி கொடுக்கும் பழக்கம் போகவில்லை, ஒன்றே ஒன்று. யாராவது எங்காவது போய் வந்தால், என்ன பார்த்தாய் என்று கேட்க முதல், எந்த இடத்தில் கால் நின்றது என்று கேட்டுப் பார்.